வந்து கடை போட்டவரின் ஒரு நாள்: கவனிப்பு ஆவணப்படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் விடியற்காலையில் நின்றால், பையும் மூட்டையுமாக வெளியூர் கிளம்புகிறவர்கள் கண்ணில் படுவார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, ஓசூருக்குக் கம்பெனி வேலைக்கு, திருப்பூருக்குப் பனியன் வேலைக்கு. மொரப்பூர் போய் ரயில் பிடிப்பவர்களும் உண்டு. பிழைப்புக்காக இத்தனை பேர் பஸ் ஏறும் ஊருக்கு, அதே பிழைப்பைத் தேடி ஒருவர் பஸ் இறங்கி வந்து கடை போட்டிருக்கிறார் என்றால், அவரிடம் ஒரு படம் இருக்கிறது.

அதை எடுக்கப் பெரிய கேமரா வேண்டாம், திரைப்படக் கல்லூரிப் பட்டமும் வேண்டாம். கையில் இருக்கும் போன், ஒரு மைக், நிறையப் பொறுமை போதும். எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது, எதை எடுக்காமல் விடுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில்: இது எந்த வகைப் படம்?

ஆவணப்படம் என்றதும் நினைவுக்கு வருவது கனத்த பின்னணிக் குரல், நாற்காலியில் உட்கார்ந்து பேட்டி கொடுப்பவர், சோகம் வந்தால் ஒரு புல்லாங்குழல். கவனிப்பு ஆவணப்படத்தில் இந்த மூன்றும் கிடையாது. நடப்பதைக் கூடவே இருந்து பார்க்கிறோம், கேட்கிறோம், பிறகு வெட்டி அடுக்குகிறோம். தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய கேமராவும் அதோடு ஒத்து ஓடும் ஒலிப்பதிவுக் கருவியும் 1960 வாக்கில் கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பாணி பரவியது. அமெரிக்காவின் ஃபிரெடரிக் வைஸ்மேன் பேட்டியும் விளக்கக் குரலும் இல்லாமலேயே பல பத்தாண்டுகள் படமெடுத்தார். 1983இல் வந்த அவருடைய 'தி ஸ்டோர்', டல்லாஸ் நகரின் நீமன் மார்க்கஸ் பேரங்காடியைப் பற்றியது.

நமக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி ஆக்னஸ் வர்தா. பாரிஸில் தான் குடியிருந்த தாகேர் தெருவின் கடைக்காரர்களை வைத்து 'தாகேரியோடைப்ஸ்' (1976) எடுத்தார். ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்கடை, மளிகைக்கடை என்று அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வேறு ஊர்களிலிருந்து பாரிஸுக்கு வந்தவர்கள். வர்தாவுக்கு அப்போது சின்னக் குழந்தை. வீட்டை விட்டு விலகிப் போக முடியாது. வீட்டிலிருந்து சுமார் 90 மீட்டர் மின் கம்பியை இழுத்து, அது எட்டும் தூரத்துக்குள்ளேயே முழுப் படத்தையும் முடித்தார். வேலைக்குப் போய்க்கொண்டே, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே படமெடுக்க நினைப்பவர்கள் அந்த 90 மீட்டரை மனதில் வையுங்கள்.

நம் பக்கமும் உதாரணங்கள் உண்டு. டேவிட், ஜூடித் மெக்டூகல் தம்பதி மசூரி மலைநகரத்துப் புகைப்படக்காரர்களைப் பற்றி 'ஃபோட்டோ வாலாஸ்' (1991) எடுத்தார்கள். மதுரைத் தெரு ஒன்றில் தூய்மைப் பணியாளர் ஒருவரின் வேலையைப் பின்தொடர்ந்தது அமுதன் ஆர்.பி.யின் 'பீ' (2003). இவற்றைத் தேடிப் பாருங்கள்.

படி 1: கடையைத் தேர்ந்தெடுங்கள்

நம் சிற்றூர்க் கடைத்தெருக்களில் வெளியூர்க்காரர் கடை ஏதாவது ஒன்று இருக்கும். தெற்கத்தி அண்ணாச்சியின் மளிகைக் கடை, ராஜஸ்தான் சேட்டின் அடகுக் கடை, மலையாளியின் டீக்கடை, அண்மைக் காலமாக வடமாநில இளைஞரின் பானிபூரி வண்டி. முதல் படத்துக்கு மளிகைக் கடையே நல்லது. அடகுக் கடைக்கு வருகிறவர் தன் முகம் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பார். டீக்கடையில் கூட்டமும் பேச்சும் அதிகம், ஒலி குழம்பும். மளிகைக் கடையில் ஆள் ஒவ்வொருவராக வருகிறார், ஒரு வார்த்தை பேசுகிறார், போகிறார். புதியவருக்கு அந்த வேகம் ஒத்துவரும்.

தேர்ந்தெடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். கடைக்குள் நீங்கள் ஒதுங்கி நிற்க இரண்டடி இடம் இருக்கிறதா? பகலில் வாசல் வெளிச்சம் கல்லாப் பெட்டி வரை வருகிறதா? கடைக்காரர் வேலை செய்துகொண்டே பேசுகிறவரா? வாய் ஓயாமல் கதை சொல்கிறவரைவிட, கை ஓயாமல் வேலை செய்கிறவர் இந்த வகைப் படத்துக்கு ஏற்றவர்.

படி 2: கேமரா இல்லாமல் ஒரு வாரம்

முதல் நாளே போனை நீட்டாதீர்கள். உங்கள் வீட்டு மளிகையை ஒரு வாரம் அங்கேயே வாங்குங்கள். வேறு வேறு நேரத்தில் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். கண்ணில் பட்டதை வீட்டுக்கு வந்து குறித்து வையுங்கள்.

அலமாரியைப் படியுங்கள். தருமபுரிப் பக்கம் களி தின்று வளர்ந்த ஊர். கேழ்வரகு மாவு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். புளி, துவரை, காய்ந்த மிளகாய் எல்லாம் இந்த ஊர்க் கணக்கு. தெற்கிலிருந்து வந்தவர் கடையானால், மேல்தட்டு ஓரத்தில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தட்டு வாடிக்கையாளருக்கு, மேல்தட்டு தனக்கு. அவர் விட்டுவந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே அலமாரியில் இருக்கும்.

காதையும் திறந்து வையுங்கள். இந்த மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் கடைக்காரர் இரண்டு வார்த்தையாவது அவர்கள் மொழியில் பேசுகிறாரா? ஊரிலிருந்து போன் வந்தால் அவருடைய தமிழ் என்ன ஆகிறது? திருநெல்வேலிக்காரர் போனில், "சரி, ராத்திரி கூப்பிடுதேன்" என்று சொல்லி வைப்பார். அடுத்த நொடி, எதிரே நிற்கும் அம்மாவிடம், "என்னங்க வேணும், சொல்றேன் இருங்க" என்பார். 'கூப்பிடுதேன்' என்பதில் வந்த 'தே', 'சொல்றேன்' என்பதில் காணாமல் போயிருக்கும். நானூறு கிலோமீட்டருக்கு மேலான பயணம் அந்த ஓர் எழுத்துக்குள் முடிந்துவிடுகிறது. "எப்படி இந்த ஊருக்கு வந்தீங்க?" என்று கேட்டு அரைமணி நேரம் பேட்டி எடுத்தாலும் இது கிடைக்காது. இப்படிப்பட்ட இடங்களைத்தான் நீங்கள் காத்திருந்து பிடிக்க வேண்டும்.

படி 3: அனுமதி கேளுங்கள்

வியாபாரம் மந்தமான மதிய வேளையில் கேளுங்கள். மறைக்காமல் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, நீங்க கடை நடத்துறதை அப்படியே படமா எடுக்கணும். நடிக்க வேண்டாம். எனக்காக எதையும் மாத்த வேண்டாம். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லுங்க."

பிறகு ஒரு பக்கத்தில், தமிழில், எளிமையாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். படம் எங்கெல்லாம் திரையிடப்படலாம், எந்தக் காட்சியை நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, படத்தால் பணம் வந்தால் என்ன ஏற்பாடு என்பவை அதில் இருக்கட்டும். ஒரு பிரதி அவரிடமும் இருக்க வேண்டும். அவர் மனைவியோ உதவியாளரோ கடையில் நின்றால் அவர்களிடமும் தனியாகக் கேளுங்கள். கடைக்காரர் சொன்ன சம்மதம் அவர்களுக்குச் சேராது.

வாடிக்கையாளர்களுக்கு, "இங்கே படப்பதிவு நடக்கிறது, வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்று வாசலில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் வந்தால் வாயால் சொல்லுங்கள்.

படி 4: கருவிகள்

- போன்: 1080 தெளிவு போதும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்த அளவில் வைத்தால் டியூப்லைட் வெளிச்சம் திரையில் துடிக்காது. போனிலிருக்கும் கேமரா செயலியில் இந்த வசதி இல்லையென்றால், கைமுறையாக அமைக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.
- வெளிச்சமும் நிறமும்: இரண்டையும் பூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே வரும்போதெல்லாம் கடை இருண்டுபோகும்.
- மைக்: கடைக்காரர் சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக் ஒன்று. கேமராவுக்குச் செலவழிக்க நினைத்த காசை இதில் போடுங்கள்.
- நினைவகம்: ஒரு மணி நேரப் பதிவு சுமார் 7, 8 ஜிபி பிடிக்கும். தினமும் இரவு இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும்.
- ஒற்றைக்கால் தாங்கி: மூன்று கால் தாங்கி கடைக்குள் வழியை மறிக்கும். வாடிக்கையாளர் அதில் தடுக்கினால் அன்றோடு உங்கள் படம் முடிந்தது.

படி 5: ஒரு நாளை எடுப்பது

எங்கே நிற்பது என்பதுதான் முதல் கேள்வி. வாசலில் நின்றால் கடைக்காரர் முகம் தெரியும். எல்லோரும் எடுப்பது அதைத்தான். இரண்டாம் நாள் உள்ளே போய், அவர் தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். கல்லாவுக்கு மேலே, தொங்கும் ஷாம்பு சரங்களுக்குக் கீழே, ஒரு செவ்வகத் துண்டுத் தெரு தெரியும். இந்த ஊரில் பதினைந்து வருடம் இருப்பவர்கூட ஊரைப் பார்த்தது பெரும்பாலும் அந்தச் செவ்வகத்தின் வழியாகத்தான். பக்கத்தில் ஓடும் கம்பைநல்லூர் ஆற்றையோ தேசிநாதீஸ்வரர் கோயில் தேரையோ அவர் எத்தனை முறை நின்று பார்த்திருப்பார்? ஊரழகைக் காட்ட டிரோன் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அந்தச் செவ்வகத்தை ஐந்து நிமிடம் அசையாமல் எடுங்கள்.

*விடியல்.* கடை திறப்பதற்கு அரைமணி முன்பே போய்விடுங்கள். பூட்டு, ஷட்டர், தண்ணீர் தெளித்தல், சாமி படத்துக்கு ஊதுபத்தி. அதன்பின் போணி. முதல் வியாபாரத்துக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரா, கல்லாவைத் தொட்டுக் கும்பிடுகிறாரா? கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறவர் போணியாக வந்தால் என்ன செய்கிறார்? காசு இல்லை, ஒரு பெட்டி மட்டும் "பணம் வந்தது" என்று கத்துகிறது. அப்போது அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.

*காலை நெரிசல்.* பால் பாக்கெட், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேனா, கடுகு, ஒரு முட்டை. இங்கே முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுங்கள். பார்க்காமலேயே சரியான டப்பாவுக்குப் போகும் கை, பொட்டலம் மடிக்கும் விரல், மீதிச் சில்லறைக்குப் பதில் எடுத்து வைக்கும் மிட்டாய். ஒரே வேலையைப் பத்து முறை எடுங்கள். எட்டாவது முறை ஏதாவது மாறும்.

*மதியம்.* புதியவர்கள் கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம் இது. நீங்கள் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கடைக்காரரின் சாப்பாடுதான் படத்தின் நடுத்தூண். கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறக்கிறார். இரண்டு வாய். "அண்ணாச்சி, ஒரு தீப்பெட்டி." இடது கையால் எடுத்துக் கொடுக்கிறார். மூன்றாவது வாய். "வெல்லம் இருக்கா?" கையைக் கழுவி எழுந்து நிறுக்கிறார். திரும்பி வரும்போது குழம்பு ஆறிப்போயிருக்கும். ஒரு சாப்பாட்டுக்குள் எத்தனை முறை எழுந்தார் என்று பார்வையாளரே எண்ணட்டும். வெட்டாமல் முழுதாக எடுங்கள்.

பிறகு வரும் மந்த நேரத்தில் சர்க்கரையும் பருப்பும் அரைக்கிலோ, ஒரு கிலோவாக நிறுத்துக் கட்டப்படும். ஆர்டர் எடுக்கிற சேல்ஸ்மேன் வருவார். ஊருக்குப் போன் போகும். வந்தவர் தனியாக இருப்பது இந்த நேரத்தில்தான் தெரியும்.

*மாலையும் சந்தை நாளும்.* சந்தை நாளை ஒரு முறையாவது முழுதாக எடுங்கள். சுற்றுக் கிராமத்து ஜனம் வந்திறங்கும் அன்று, பாக்கி வசூலும் புதுப் பாக்கியும் சேர்ந்து நடக்கும். வெள்ளாமைக் காசு வந்ததும் கணக்கு முடிக்கிறவர்களும் இருப்பார்கள். புளி, மஞ்சள், மரவள்ளி விலை இறங்கினால் அது முதலில் தெரிவது மளிகைக் கடையில்தான்.

*அடைப்பு.* கல்லா எண்ணுதல், நோட்டில் எழுதுதல், பாதி இறக்கிய ஷட்டர். பாதி இறக்கிய பிறகு குனிந்து வருகிறவர் யாராவது இருப்பார். அதுவரை பதிவை நிறுத்தாதீர்கள்.

படி 6: ஒலி

வைஸ்மேன் படப்பிடிப்பில் கேமராவைப் பிடித்ததில்லை. அதற்கு ஒரு ஒளிப்பதிவாளர் இருந்தார். இயக்குநரான அவர் பிடித்தது மைக்கை. ஒலி அவ்வளவு முக்கியம். படம் கொஞ்சம் ஆடினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்.

கடையில் உங்கள் முதல் எதிரி குளிர்பெட்டி. என் முதல் முயற்சியில் அதன் இரைச்சல் தாங்காமல், கடைக்காரரிடம் கேட்டு ஸ்விட்சை அணைத்தேன். மறுபடி போட மறந்துவிட்டேன். மறுநாள் பால் முழுக்கத் திரிந்திருந்தது. காசு கொடுக்கப் போனால் வாங்க மறுத்து, "தயிருக்கு ஆகும் விடுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நான் பதிவு செய்யவில்லை, வெட்கத்தில் கேமராவைப் பைக்குள் வைத்திருந்தேன். அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். குளிர்பெட்டியை அணைத்தால் என் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். ஸ்விட்சைப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.

ஒவ்வொரு வேளையும் ஆள் பேசாத கடையின் ஒலியை இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொகுப்பில் வெட்டுத் தெரியாமல் ஒட்டுவதற்கு அது வேண்டும். கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் கவனம். படத்தில் அது கேட்டால் உரிமம் கேட்பார்கள். பதிவு நேரத்தில் ரேடியோவைத் தணித்து வைக்க முடியுமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

படி 7: எதை எடுக்கக் கூடாது

கடன் நோட்டைக் கேமரா படிக்கக் கூடாது. யார் எவ்வளவு பாக்கி என்பது கடைக்காரருக்கும் கடன் வாங்கியவருக்கும் நடுவில் உள்ள விஷயம். நோட்டைப் புரட்டும் விரலை எடுங்கள், பெயர் தெரியும் கோணத்தைத் தவிருங்கள். போன் எண், கியூஆர் அட்டை, வாடிக்கையாளரின் மருந்துச் சீட்டு, எல்லாவற்றுக்கும் இதே விதி. கடன் சொல்ல வந்தவர் உங்களைப் பார்த்துத் தயங்கினால், கேமராவைத் தாழ்த்திவிட்டு வெளியே போய்விடுங்கள்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் படம் அவருக்கு எதிரான சாட்சியாக மாறலாம். தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆணியில் தொங்கும் ஒரு கேரி பேக், முத்திரை புதுப்பிக்காத தராசு, பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்த பிள்ளை, எதுவும் பின்னால் அவரைத் தேடி வரலாம். வெளியூர்க்காரருக்கு இது இன்னும் சிக்கல், பரிந்து பேசச் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லை. தொகுப்பில் ஒவ்வொரு சட்டகத்தின் மூலை முடுக்கையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

படி 8: தொகுப்பு

பத்து நாள் எடுத்தால் இருபது மணி நேரமாவது சேரும். அதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் எடுக்க வேண்டும்.

1. எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். சிரித்த இடம், மூச்சு நின்ற இடம், புரியாத இடம் மூன்றையும் குறியுங்கள்.
2. விடியல் முதல் அடைப்பு வரை ஒரே நாளாக அடுக்குங்கள். தொடக்கப் படத்துக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை.
3. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைக் கவனியுங்கள். காலையில் 12, மதியம் 9, சாயங்காலம் 15 என்று தேதி காட்டிக் கொடுத்துவிடும். சட்டை நிறமும் அப்படித்தான்.
4. இசை சேர்க்காதீர்கள். தராசுத் தட்டு, ஷட்டர், பஸ் ஹாரன் போதும்.
5. அவர் ஊரைப் பற்றிய தகவலை எழுத்தாகத் திரையில் போடத் தோன்றும். கருப்பட்டியும் போனில் வந்த 'தே'யும் படத்தில் இருந்தால் அந்த எழுத்துக்கு வேலை இல்லை.

படி 9: திரையிடல்

மதுரையில் 1998 முதல் நடந்துவரும் ஆவணப்பட, குறும்பட விழா, மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆவணப்பட விழா, திருவனந்தபுரம் விழா எல்லாம் புதியவர்கள் அனுப்பிப் பார்க்கக் கூடியவை. திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் படத்தைப் பார்க்க வேண்டியவர் கடைக்காரர். அவரை எங்கும் கூப்பிடாதீர்கள், கடையை விட்டு வர மாட்டார். இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, கல்லா மேல் லேப்டாப்பை வையுங்கள். நீக்கச் சொல்வதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள். சாப்பாட்டுக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே யாராவது ஷட்டரைத் தட்டுவார்கள். "அண்ணாச்சி, ஒரு கொசுவத்தி." திரையில் அவர் எழுந்திருக்கும்போதே இங்கேயும் எழுந்து போவார். படத்தை நிறுத்தி வையுங்கள், சில்லறை கொடுத்துவிட்டு வரட்டும்.